முதலில் வீடு, பிறகு காதல்: அயர்லாந்துக் கிராமத்தில் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

அயர்லாந்துக் கிராமத்தைக் களமாக வைத்துக் காதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேரை வைத்துத் தொடங்குகிறார்கள். நகரத்திலிருந்து வரும் பெண், ஊரிலேயே தங்கிவிட்ட ஆண். மழையும் பப்பும் பசும்புல்லும் பிறகு வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கதையை அப்படியே ஸ்காட்லாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு வரிகூட மாறாது.

நான் சொல்லும் வழி வேறு. முதலில் ஒரு வீட்டைக் கட்டுங்கள். அந்த வீடு யாருக்குச் சேர வேண்டும் என்று கேளுங்கள். அதன் பின்னால் உள்ள வயலில் எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். இவற்றுக்கு விடை தேடும்போதே யார் யாரைக் காதலிக்கப் போகிறார்கள், அது ஏன் சுலபத்தில் கைகூடாது என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1841ல் அந்தத் தீவில் சுமார் 82 லட்சம் பேர் இருந்தார்கள். 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். வாடகை கட்ட முடியாத குத்தகைக்காரர்களின் வீடுகளைக் கூரையோடு இடித்துத் தள்ளினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த நிலச் சட்டங்களால்தான் குத்தகைக்காரர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இன்றைய அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 1851க்குப் பிறகு முதல்முறையாக 50 லட்சத்தைத் தாண்டியதை 2022 கணக்கெடுப்பு பதிவு செய்தது. இப்படிப்பட்ட மண்ணில் ‘வீடு’ என்று ஒரு பாத்திரம் சொன்னால், அதற்குள் மூன்று தலைமுறைப் பயமும் பிடிவாதமும் இருக்கும்.

வழிகாட்டி முழுக்க ஒரே கற்பனைக் கதையை வளர்த்துக்கொண்டு போகிறேன். உங்கள் கதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு வட்டாரத்தைப் பிடியுங்கள்

‘அயர்லாந்து’ என்பது ஒரு நாவலுக்கு மிகப் பெரிய இடம். ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் போன்றது) தேர்ந்தெடுங்கள், அதற்குள் ஒரு மூலையை. கிராமத்தின் பெயரை நீங்களே சூட்டலாம். சுற்றியுள்ள ஊர்கள், மலை, கடல், சாலை எல்லாம் உண்மையாக இருக்கட்டும்.

நான் எடுத்துக்கொள்வது கிளேர் கவுண்டியின் வடக்கே உள்ள பர்ரென். சுண்ணாம்புப் பாறை வெளி அது. குளிர்காலத்தில் நிரம்பிக் கோடையில் தரைக்குள் வடிந்துபோகும் ‘டர்லாக்’ ஏரிகள் உள்ள நிலம். வசந்தத்தில் பாறை இடுக்குகளில் கருநீல ஜென்ஷியன் பூக்கும். வேறு இடங்களில் கோடைக்குத்தான் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள். பர்ரெனில் குளிர்காலத்துக்கு ஓட்டுகிறார்கள். பாறை வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும், காலடி ஈரமில்லாமல் இருக்கும், அதனால் அக்டோபர் இறுதியில் மாடுகள் மேலே போகும். இதற்கு ‘வின்டரேஜ்’ என்று பெயர். குளிர்காலம் முழுக்க மாடுகள் முரட்டுப் புல்லை மேய்ந்து தீர்ப்பதால்தான் வசந்தத்தில் பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. மாடு ஓட்ட ஆள் இல்லாமல் போனால் புதர் மண்டும், பூ போய்விடும். கதைக்குத் தேவையான ஒரு கவலை இங்கேயே கிடைத்துவிட்டது.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். டிசம்பர் கடைசியில் கிளேரில் காலை எட்டே முக்காலுக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை நாலேகாலைத் தாண்டியதும் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருக்கும். ‘மாலை ஏழு மணிக்கு நிலா வெளிச்சத்தில் நடந்தார்கள்’ என்று ஜூன் மாதக் காட்சியில் எழுதினால் அங்கேயே கதை பொய்த்துவிடும்.

முகவரியும் முக்கியம். கிராமத்துக்குள்ளே ‘டவுன்லேண்ட்’ என்ற சிறு நிலப்பிரிவுகள் உண்டு. தீவு முழுக்க 60,000க்கும் மேல். தெருப் பெயர், வீட்டு எண் இல்லாமல் டவுன்லேண்ட் பெயரையும் குடும்பப் பெயரையும் வைத்தே தபால்காரர் வீடு கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒரு குறியீடான ‘எயர்கோட்’ 2015ல்தான் வந்தது. ஒரே குடும்பப் பெயரில் ஐந்து வீடு இருந்தால் தகப்பன், பாட்டன் பெயரைச் சேர்த்தோ பட்டப்பெயர் வைத்தோ பிரித்துச் சொல்வார்கள்.

படி 2: வீட்டைக் கட்டுங்கள்

ஓலை வேய்ந்த வெள்ளைக் குடிசையை மறந்துவிடுங்கள். அப்படிப்பட்ட வீடுகள் இன்று மிகக் குறைவு. 1971ல் வெளிவந்த ஒரு மலிவு விலை வரைபடப் புத்தகத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் கட்டிக்கொண்ட பங்களாக்கள்தான் அயர்லாந்துக் கிராமச் சாலைகளில் அதிகம். பழைய கல்வீட்டை மாட்டுக் கொட்டிலாக விட்டுவிட்டு, பக்கத்திலேயே பங்களா கட்டிக் குடிபோன குடும்பங்கள் ஏராளம். இது கதைக்குப் பொன்னான அமைப்பு: ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, ஒன்றில் வாழ்க்கை, ஒன்றில் கன்றுக்குட்டிகள்.

பழைய வீட்டின் உள்ளமைப்பைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். 1901, 1911 மக்கள்தொகைப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சுவர் கல்லா மண்ணா, கூரை என்ன, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை சன்னல் என்பதுவரை வீடுவீடாகப் பதிவு உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த டவுன்லேண்டில் நான்கைந்து வீடுகளைப் படியுங்கள். ஒரே ஆளின் வயது 1901க்கும் 1911க்கும் இடையே பதினைந்து கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். 1909ல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. பிறப்புப் பதிவோ 1864ல்தான் எல்லாருக்கும் தொடங்கியது. வயதை நிரூபிக்கக் காகிதம் இல்லாதவர்கள் ஓய்வூதியத்துக்காகக் கொஞ்சம் மூத்துக்கொண்டார்கள். ஒரு கொள்ளுப்பாட்டியை உயிரோடு எழுப்ப இந்த ஒரு விவரம் போதும்.

அடுப்படியில் நேரம் செலவிடுங்கள். திட எரிபொருள் போடும் இரும்பு ‘ரேஞ்ச்’ அடுப்புதான் வீட்டின் நடு. துணி காய்வதும் அங்கே, குளிரில் துவண்ட ஆட்டுக்குட்டி உயிர் பெறுவதும் அங்கே. சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன்கீழ் அணையாத சிவப்பு விளக்கு. சதுப்பில் வெட்டி உலர்த்திய டர்ஃப் கட்டிகள் எரியும் வாசனை. டர்ஃபில் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 அக்டோபர் இறுதி முதல் புகை அதிகம் வரும் எரிபொருள்களை விற்கக் கட்டுப்பாடு வந்தது. தன் உரிமைப் பங்கில் வெட்டித் தன் வீட்டில் எரிப்பதற்குத் தடை இல்லை. இன்றைய கதையில் நாயகன் சாலையோரக் கடையில் டர்ஃப் மூட்டை வாங்குவதாக எழுதாமல், சொந்தக்காரர் சதுப்பிலிருந்து டிராக்டரில் வருவதாக எழுதுங்கள்.

இனிப் பத்திரம். வீடு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டு காலி, யார் கண் வைத்திருக்கிறார்கள்? இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டைச் செப்பனிட அரசு 50,000 யூரோ வரை மானியம் தருகிறது. சிதிலமான வீடு என்றால் 70,000 வரை. மானியம் வாங்கியவர் பத்தாண்டுக்குள் வீட்டை விற்றால் பணம் முழுவதையுமோ பெரும்பகுதியையோ திருப்பிக் கட்ட வேண்டும். ‘கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன்’ என்று வந்த ஒருத்தி அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் காட்சி, எந்த முத்தக் காட்சிக்கும் குறைந்ததில்லை. கதை டொனகலிலோ மேயோவிலோ நடந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே குறைபாடுள்ள கான்கிரீட் கற்களால் ஆயிரக்கணக்கான வீடுகள் கண்ணெதிரே வெடித்து உதிர்ந்தன. மனிதர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதை ஒரு பின்னணி வரியாகக் கடந்துவிடாதீர்கள்.

நம் கதையில், பர்ரென் ஓரத்தில் ஒரு பங்களாவும் அதன் பக்கத்தில் சன்னல் உடைந்த கல்வீடும். உரிமையாளர் பிரீட் என்ற 77 வயதுப் பெண். தனி ஆள். 2024 அக்டோபரில் இறக்கிறார்.

படி 3: குடும்பத்தைச் சட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

நாவலில் வரும் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு போடுங்கள். பக்கத்திலேயே அந்த ஆண்டுகளில் நாட்டில் என்ன சட்டம் இருந்தது என்று எழுதுங்கள். அயர்லாந்தில் குடும்ப ரகசியங்கள் பலவும் அந்த இரண்டாம் பத்தியில்தான் ஒளிந்திருக்கின்றன.

பிரீட் பிறந்தது 1947. இருபது வயதில், 1967ல், திருமணம் ஆகாமல் கருவுறுகிறாள். கருத்தடைச் சாதனங்கள் விற்க அனுமதி இல்லை. 1979ல் வந்த சட்டம்கூடக் கட்டுப்பாடுகளோடுதான் அனுமதித்தது. தனித் தாய்க்கு அரசு உதவித்தொகை 1973ல்தான் வரும். அப்பா அவளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தாய்-சேய் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறார். குழந்தை தத்துப் போகிறது. பிரீட் ஊர் திரும்புகிறாள், எதுவுமே நடக்காததுபோல் ஐம்பத்தேழு ஆண்டு பால் கறக்கிறாள்.

இந்த இல்லங்கள் கற்பனை அல்ல. கால்வே கவுண்டியின் டூவம் நகரத்தில் இருந்த இல்லத்தில் இறந்த ஏறத்தாழ 800 குழந்தைகளின் பெயர்களைத் தேடித் தொகுத்தவர் கேதரின் கார்லஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆய்வாளர். 2014ல் உலகம் அதைக் கேட்டு அதிர்ந்தது. விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழைப் பெறும் முழு உரிமையை 2022ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. ஆகவே பிரீட்டின் மகள், இப்போது 57 வயது, டப்ளினில் இருப்பவர், தாயின் பெயரை அண்மையில்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். தாய் இறந்து சில மாதம் கழித்து முற்றத்தில் வந்து நிற்கிறார். சட்டப்படி முறையாகத் தத்துப் போன பிள்ளைக்குப் பெற்றவளின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. நியாயப்படி? அந்தக் கேள்விதான் நாவலின் நடுப்பகுதியைத் தாங்க வேண்டும். இதைத் திருப்பத்துக்காக மட்டும் பயன்படுத்தாதீர்கள். உயிரோடு இருக்கும் மனிதர்களின் காயம் இது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை, ஒரு நகைச்சுவை உணர்வு, சொந்தப் பிள்ளைகள் எல்லாம் கொடுங்கள்.

இனி வாரிசுகள். பிரீட்டின் அண்ணன் 1962ல் மான்செஸ்டருக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அவர் பேத்தி ஓர்லா, 33 வயது. உயிலில் வீடும் நிலமும் அவளுக்கு. பக்கத்து வீட்டு டெக்லனுக்கு 37 வயது. 2008ல் பொருளாதாரம் சரிந்தபோது படிப்பு முடித்து, அவன் தலைமுறையில் பலரையும்போல ஆஸ்திரேலியா போனவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் 2014ல் திரும்பினான். பத்தாண்டாகப் பிரீட்டின் மாடுகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். ‘இதெல்லாம் உனக்குத்தான்டா’ என்று அடுப்படியில் வாய்மொழியாகச் சொன்னாள் பிரீட். எழுதி வைக்கவில்லை. அப்படிப்பட்ட வாக்கை நம்பி உழைத்தவருக்கு ஆதரவாக அயர்லாந்து நீதிமன்றங்கள் சில வழக்குகளில் தீர்ப்புச் சொன்னதுண்டு. அவன் வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம். போட்டால் ஓர்லாவை இழப்பான்.

உங்கள் கதையில் கணவன், மனைவி, பிள்ளைகள் இருந்தால் 1965ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தைப் படியுங்கள். உயில் என்ன சொன்னாலும், பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கும் இல்லாவிட்டால் பாதியும் துணைவருக்கு உரிமை. அதற்கு முன்பு மனைவிக்கு ஒன்றுமே வைக்காமல் உயில் எழுத முடிந்தது. ‘அம்மாவை அடுப்படி மூலையில் விட்டுவிட்டு நிலத்தை மூத்தவனுக்கு எழுதினார்’ என்ற பழங்கதை எந்த ஆண்டில் நடக்கலாம், எந்த ஆண்டில் நடக்க முடியாது என்பது இதில் தெளிவாகும்.

படி 4: நம்பிக்கைகளை அலங்காரமாக வைக்காதீர்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான நாவல்கள் சறுக்குகின்றன. பச்சைத் தொப்பிக் குள்ளர், வானவில், பொற்குடம்: இவை சுற்றுலாக் கடைகளின் சரக்கு. கிராமத்தில் உயிரோடு இருப்பவை வேறு.

தீவு முழுக்க 40,000க்கும் மேற்பட்ட வட்டவடிவ மண்மேட்டுக் கோட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பண்ணை வீடுகளின் சுற்றுக்கரைகள் அவை. ஐரிஷில் ‘லிஸ்’, ‘ராத்’. ஊர்க்காரர்களுக்கு ஃபெய்ரி கோட்டை, அதாவது கண்ணில் படாத மாய மக்களின் இடம். அதை உழுதால், அதன்மேல் நிற்கும் ஹாத்தார்ன் முள்மரத்தை வெட்டினால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்பது நம்பிக்கை. தொல்லியல் சட்டம் இன்று காக்கும் பல கோட்டைகளை அதற்கு முன்பு பல நூற்றாண்டு காத்தது இந்தப் பயம்தான். 1999ல் கிளேரின் லட்டூனில் புதிய நெடுஞ்சாலைப் பாதையில் ஒரு தனி ஹாத்தார்ன் நின்றது. கதைசொல்லி எடி லெனிஹான் அது தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஃபெய்ரிகள் கூடும் இடம் என்று பத்திரிகைகளுக்கு எழுதிப் போராடினார். சாலைப் பொறியாளர்கள் மரத்தை விட்டுவைத்துப் பாதையை அமைத்தார்கள். பிறகு ஒரு நாள் யாரோ அதன் கிளைகளை அறுத்துப்போட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்தது.

எதை எடுப்பது என்று தேட ஓர் அருமையான இடம் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதை, மருந்து, வானிலைக் குறி, பேய், புதையல் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தந்தார்கள். நாட்டார் வழக்காற்று ஆணையம் நடத்திய திட்டம் அது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள அந்தத் தொகுப்பு ‘டூகஸ்’ இணையதளத்தில் இடவாரியாகத் திறந்து கிடக்கிறது. உங்கள் கிராமத்துக்கு மிக அருகில் இருந்த பள்ளியைத் தேடி, ஒரு பிள்ளையின் கையெழுத்தில் உள்ள கதையைப் படியுங்கள். பொதுவான புராணத் தொகுப்பு எதுவும் தராத ஒன்று அதில் கிடைக்கும்: யார் வயல், எந்த வளைவு, யாருடைய மாமன்.

எடுத்ததைப் பயன்படுத்துவதில் நான் உறுதியாக வைத்திருக்கும் விதி ஒன்று: நம்பிக்கையால் யாருக்காவது செலவு ஏற்பட வேண்டும். கோட்டை இருப்பதால் அந்த வயலில் கொட்டகை கட்ட முடியாது, பணம் நஷ்டம். மரம் இருப்பதால் டிராக்டர் சுற்றிப் போக வேண்டும், அரை மணி நேரம் நஷ்டம். தலைமுறை தலைமுறையாக அந்த நஷ்டத்தைச் சுமந்த குடும்பம் அதை எளிதில் விட்டுத்தராது. ஓர்லா வயலில் சுற்றுலாக் குடில்கள் போட நினைக்கிறாள். டெக்லன் சரி என்கிறான், அந்த மூலையில் மட்டும் வேண்டாம் என்கிறான். ஏன் என்று கேட்டால் ஈரம் அதிகம் என்கிறான். உண்மைக் காரணத்தை அவன் சொல்ல மூன்று அத்தியாயம் ஆகட்டும்.

ஃபெய்ரிகள் உண்டா இல்லையா என்று நீங்கள் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் வெட்ட மாட்டேன்’ என்பதுதான் கிராமத்தின் நிலைப்பாடு. அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதையும் பெரியவர்கள் தவிர்ப்பார்கள். நல்லவர்கள், அந்த ஆட்கள் என்பார்கள். கடிக்கும் பாம்பை நல்ல பாம்பு என்று சொல்லும் நமக்கு இந்த மரியாதை விளக்கமில்லாமலே புரியும். உரையாடலில் ‘அவங்க’ என்று மட்டும் எழுதினால் போதும்.

காட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. மே மாதம். வேலியெல்லாம் ஹாத்தார்ன் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஓர்லா ஒரு கொத்து ஒடித்துவந்து அடுப்படி மேசையில் குவளையில் வைக்கிறாள். உள்ளே வந்த டெக்லன் பேச்சை நிறுத்திவிட்டு, குவளையோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிட்டு வருகிறான். ஹாத்தார்ன் பூ வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்பது பழைய நம்பிக்கை. அவள் கோபப்படுகிறாள். அவன் அம்மா இறந்த வாரம் மேசையில் என்ன இருந்தது என்று அப்போதுதான் சொல்கிறான். அவனே நம்புகிறானா? அவனுக்கே தெரியாது.

கிளேருக்கு உரிய ஒரு ஆளையும் மறக்க வேண்டாம். ஃபீக்கிள் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாட்டு வைத்தியப் பெண் பிடி எர்லி. நீலப் புட்டியில் எதிர்காலம் பார்த்ததாகச் சொல்வார்கள். பாதிரியார்கள் எதிர்த்தும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 1874ல் இறந்தார். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங்கில், கிளேர் அணி 1914க்குப் பிறகு 81 ஆண்டு அகில அயர்லாந்துக் கோப்பையை வெல்லாமல் போனதற்கு அவர் சாபம் என்றார்கள். விளையாட்டுச் சங்கமான ஜி.ஏ.ஏ. தொடங்கியதே 1884ல், அவர் இறந்து பத்தாண்டு கழித்து. கணக்கு உதைக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. 1995ல் வென்றபோது சாபம் தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். நம்பிக்கை இப்படித்தான் கேலியும் பாதி உண்மையுமாகப் புழங்கும். இன்றும் படர்தாமரைக்கும் தீக்காயத்துக்கும் ‘குணமாக்கும் கை’ உள்ள குடும்பங்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, மருத்துவரையும் பார்த்துவிட்டு.

இருண்ட பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1895ல் டிப்பரரியில் பிரிஜெட் கிளியரி என்ற இளம் பெண் நோயுற்றபோது, அவளை ஃபெய்ரிகள் தூக்கிப்போய் மாற்றுருவை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். உறவினர்கள் உடனிருந்தார்கள். ‘கடத்தப்பட்ட மனைவி’ கதையை இனிமையாக எழுத நினைக்கும்போது இந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: காதலுக்கு வேலை கொடுங்கள்

இரண்டு பேருக்கும் நியாயம் இருக்க வேண்டும். ஓர்லாவுக்கு உயில், கடன், வாடகை வீட்டிலேயே வளர்ந்தவளின் ஏக்கம். டெக்லனுக்கு வாக்கு, உழைப்பு, மாடுகள். ஒருவரும் பொல்லாதவர் இல்லை. இதைச் சரியாக அமைத்துவிட்டால் செயற்கையான தவறான புரிதல்களோ பழைய காதலியின் திடீர் வருகையோ வேண்டியதில்லை.

நெருக்கம் வேலையில் வளரட்டும். பிப்ரவரி இரவில் கன்று ஈனும் மாட்டுக்குப் பக்கத்தில் இருவரும் கயிற்றைப் பிடித்து இழுக்கட்டும். கன்று மூச்சுவிடாதபோது வைக்கோலால் அதன் மூக்கைக் கிளறுவான், அவள் விளக்கைப் பிடிப்பாள். இங்கே ஆண்கள் ‘காதலிக்கிறேன்’ என்று சொல்லுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். சொல்லாமல் கேட்டைச் சரிசெய்துவிட்டுப் போகட்டும். ‘எங்க ஆட்களோட சேர்ந்து அடக்கமாக உனக்குச் சம்மதமா?’ என்று ஆண் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கும் பழைய வேடிக்கை வழக்கு ஒன்று அயர்லாந்தில் உண்டு. குடும்பம், மண், காதல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

படி 6: ஊரைப் பேசவிடுங்கள்

நாவலை ஒரு சாவில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் சாவில்தான் ஊர் முழுவதும் ஒரே அறைக்கு வரும். ஆர்ஐபி டாட் ஐஇ என்ற தளத்தில் மரண அறிவிப்பு வரும். உள்ளூர் வானொலியும் வாசிக்கும். இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும், ஆகவே ஓர்லா மான்செஸ்டரிலிருந்து ஷானன் விமான நிலையத்துக்கு அவசரமாக வந்தாக வேண்டும். வீட்டில் திறந்த பெட்டியில் உடல். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் கைகுலுக்கி ‘உங்க கஷ்டத்துக்கு வருந்துறேன்’ என்பார்கள். யாரோ நாற்காலிகளும் பெரிய டீ கெட்டிலும் கொண்டுவந்திருப்பார்கள், சாண்ட்விச் மலைபோலக் குவியும், அண்டை வீட்டார் கார் நிறுத்த வழிகாட்டுவார்கள். யாரையுமே தெரியாத ஓர்லாவிடம் எல்லாரும் அவள் தாத்தாவின் மூக்கு இருக்கிறது என்று சொல்வார்கள். அடுப்படியில் கெட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கும் ஆள்தான் டெக்லன்.

இன்றைய கிராமத்தை இன்றையதாகவே காட்டுங்கள். பாதிரியார் நைஜீரியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் கேரளத்துச் செவிலியர்கள் இருப்பார்கள். கால்வேயின் கோர்ட் நகரத்தில் இறைச்சி ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட பிரேசில்காரர்கள் பலர். 2015ல் ஒருபாலினத் திருமணத்துக்கு நாடே வாக்களித்து ஒப்புதல் தந்தது. டெக்லனின் தங்கை தன் மனைவியோடு ஹர்லிங் ஆட்டம் பார்க்க வருவதில் ஊருக்கு வியப்பில்லை. பப் முன்புபோல நிரம்புவதில்லை, குடித்துவிட்டு வண்டி ஓட்டும் வரம்பு கடுமையான பிறகு தனியாக வாழும் வயதானவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

படி 7: அத்தியாயங்களை ஆண்டுச் சக்கரத்தில் மாட்டுங்கள்

நம் கதை 2024 அக்டோபர் முதல் 2025 அக்டோபர் வரை ஓடுகிறது. அடக்கம் முடிந்த வாரமே மாடுகளை மலைக்கு ஓட்ட வேண்டும். 31ஆம் தேதி சவின் (ஹாலோவீன்) இரவு, உள்ளே மோதிரம் வைத்துச் சுட்ட பார்ம்பிராக் ரொட்டி. மோதிரம் யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஓராண்டில் கல்யாணம். அது வயதான அண்டை வீட்டுக்காரர் துண்டில் வரட்டும்.

2025 ஜனவரி 24, எயோவின் புயல். கால்வேயின் மேஸ் ஹெட்டில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலான காற்று பதிவானது, அந்நாட்டில் அதுவரை பதிவானதில் உச்சம். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் தொழிலிடங்களுக்கும் மின்சாரம் போனது, மேற்கே சில வீடுகளுக்கு வர இரண்டு வாரமும் ஆனது. மோட்டார் ஓடாமல் கிணற்று நீர் வராது. பங்களாவில் ரேஞ்ச் அடுப்பு மட்டும் எரிகிறது. இருவரும் ஒரே அறையில் இருக்க இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது. இருட்டிலேயே 31ஆம் தேதி வருகிறது. புனித பிரிஜெட் இரவில் வேலியில் ஒரு துணியைப் போட்டு வைத்தால் அவள் அந்த வழியாகப் போகும்போது ஆசீர்வதிப்பாள், அது பின்னர் தலைவலிக்கும் ஈனும் மாட்டுக்கும் ஆகும். பிரீட்டின் பெயரே அந்தப் புனிதையின் பெயர்தான். அலமாரியில் அவள் ஆண்டாண்டாக மடித்து வைத்த துணிகளை ஓர்லா எடுக்கிறாள். அவற்றுக்கு நடுவே ஒரு குழந்தைச் சட்டை.

மார்ச்சில் மகள் வருகிறாள். மேயில் ஹாத்தார்ன் சண்டை. ஜூனில் சைலேஜ் (மாட்டுத் தீவனத்துக்குச் சேமிக்கும் புல்) அறுப்பு, நீண்ட வெளிச்சம், முதல் இரவு. செப்டம்பரில் லிஸ்டூன்வார்னாவின் வரன் பார்க்கும் திருவிழா. அறுவடை முடிந்த விவசாயிகள் பெண் தேடி வந்த வழக்கம் இன்று நடனமும் கூட்டமுமாக மாறியிருக்கிறது. அங்கே அவர்கள் பிரிவது நன்றாக இருக்கும், ஏனென்றால் சுற்றி எல்லாரும் சேர்ந்துகொண்டிருப்பார்கள்.

படி 8: உரையாடல்

அயர்லாந்து விவசாயியை மதுரைத் தமிழோ கோவைத் தமிழோ பேச வைக்காதீர்கள், அந்த ஊர் முகம் வந்துவிடும். எந்த வட்டாரத்தையும் சாராத இயல்பான பேச்சுத் தமிழ் போதும். தாளம் மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்: நேரடியாக ‘ஆமாம்’, ‘இல்லை’ சொல்வதில்லை, சுற்றி வளைப்பார்கள், முதல் தடவை எதையும் ஏற்க மாட்டார்கள்.

“டீ போடட்டுமா?”

“வேணாம், சிரமப்படாதீங்க.”

“தண்ணி கொதிச்சாச்சு.”

“இல்ல, கிளம்பணும்.”

“அரைக் கோப்பை.”

“சரி, அரைன்னா.”

அங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு ‘நீங்க’ மூலம் மரியாதையைக் காட்டுங்கள். ஓர்லாவும் டெக்லனும் ‘நீங்க’வில் தொடங்கி எந்தப் பக்கத்தில் ‘நீ’க்கு மாறுகிறார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். புயல் இரவில், ஒரு வாளி தூக்கும்போது, யாரும் கவனிக்காமல் மாறட்டும்.

படி 9: முடிவைப் பத்திரத்தில் எழுதுங்கள்

காதல் நாவல் வாசகர் இருவரும் சேர வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறார், அதைக் கொடுங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, வீட்டுக் கேள்விக்கும் விடை வேண்டும். நம் கதையில் ஓர்லா நிலத்தை டெக்லனோடு கூட்டாக எழுதிக்கொள்கிறாள். கல்வீட்டைப் பிரீட்டின் மகள் பெயருக்கு மாற்றுகிறாள். ‘இது தேவையா?’ என்று வக்கீல் இரண்டு தடவை கேட்கிறார். குடில்கள் இன்னொரு மூலையில் வருகின்றன. கல்லறைக் கல்லில் மகளின் பெயரையும் சேர்த்துப் பொறிக்கிறார்கள். திடீர்க் கல்யாணம் வேண்டாம்: அயர்லாந்தில் பதிவாளருக்கு மூன்று மாதம் முன்பே அறிவிப்புத் தர வேண்டும். விவாகரத்தான பாத்திரம் இருந்தால், 1995 பொதுவாக்கெடுப்பில் மயிரிழையில் ஒப்புதல் கிடைத்து 1997ல்தான் அது நடைமுறைக்கு வந்தது என்பதையும், இன்றும் கடந்த மூன்றாண்டில் இரண்டாண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

படி 10: பின்னோக்கிய காட்சிகளைச் சரிபாருங்கள்

கடைசி வாசிப்பில் நினைவுக் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கிராம மின்மயமாக்கல் 1946ல் தொடங்கினாலும் ஒதுக்குப்புற வீடுகளுக்கு 1970கள் வரை விளக்கு வரவில்லை, பிரீட்டின் குழந்தைப் பருவத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வையுங்கள். 2002க்கு முன் பணம் பவுண்ட். 2004 மார்ச் வரை பப்புக்குள் சிகரெட் புகை இருக்கும், அதன்பின் புகைப்பவர்கள் வெளியே மழையில் நிற்பார்கள். 2005 ஜனவரி வரை வேகப் பலகைகள் மைலில். இவை முடிந்ததும் கிளேரில் வாழும் ஒருவரைத் தேடி, மாடு வரும் பக்கங்களையும் அடக்கம் வரும் பக்கங்களையும் வாய்மொழியாக விவரித்துக் கேளுங்கள். எங்கே அவர் குறுக்கிடுகிறாரோ அங்கே குறித்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதுங்கள்.